பெட்டியைத் திறக்க முதல் பிளக்கைப் பார்: பதின்ம வயதுப் பழுதுகள், அறிகுறி வாரியாக

மட்டக்களப்பு கல்லடியில் எனக்கொரு சின்னத் திருத்தகம் இருக்கிறது. கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மின்விசிறிகள் வாசல்வரை வரிசையில் நிற்கும். மாரியில் ஈரம் குடித்த கிரைண்டர்களும் தண்ணீர் மோட்டார்களும் வரும். இருபது வருசத்தில் இந்தத் தொழில் எனக்குப் படிப்பித்த பாடம் ஒன்றே ஒன்று: பெட்டியைத் திறக்க முதல் பிளக்கைப் பார்.

வாழைச்சேனைப் பக்கமிருந்து ஒருமுறை ஒரு ஐயா மேசை விசிறியைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தார். "மோட்டர் எரிஞ்சு போச்சு தம்பி. திருப்பிச் சுத்த எவ்வளவு எடுப்பீங்க?" நான் விசிறியைத் தொடவேயில்லை. 13 அம்பியர் பிளக்கைக் கழற்றினேன். உள்ளே இருந்த சின்னப் பியூஸ் போயிருந்தது. புதிது போட்டதும் விசிறி சுற்றியது. ஐயாவுக்குச் சந்தோசம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தன்?" அவர் போனபிறகு கடைப் பெடியனும் நானும் வயிறு நோகச் சிரித்தோம்.

இப்போது எங்கள் வீட்டில் 15 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு தரமாவது விசிறியைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிற ஐயா நான்தான்.

கடையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். இடப்பக்கம் அறிகுறி, வலப்பக்கம் கண்டுபிடித்த பழுது. அதே ஒழுங்கில் வீட்டுப் பழுதுகளையும் எழுதிப் பார்த்தேன். மகள் இரண்டு நிபந்தனை போட்டாள்: பெயர் வரக்கூடாது, முதலில் தான் வாசிக்க வேண்டும். வாசித்தாள். மூன்று இடத்தில் சிவப்புப் பேனையால் வெட்டினாள். வெட்டுப்பட்ட மூன்றும்தான் நல்ல பகிடிகள். என்ன செய்வது.

தொடங்க முதல் இன்னொன்று. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறது. ஆகவே இந்த வீட்டில் நான் வந்து சேர்ந்த ஆள். சேர்ந்த முதல் கிழமையே மாமியின் பழைய றேடியோவைத் திருத்திக் காட்டப் போனேன். பூட்டி முடிக்க இரண்டு ஸ்குரூ மிஞ்சியது. றேடியோவும் பிறகு பாடவில்லை. அந்த இரண்டு ஸ்குரூவையும் மாமி தன் வெற்றிலை வட்டாவில், பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறா. நான் குரலை உயர்த்துகிற நேரங்களில் வட்டாவை மெதுவாக ஆட்டுவா. கிலுகிலு என்று கேட்கும். அது போதும்.

அறிகுறி: எதைக் கேட்டாலும் "ம்"

"பள்ளிக்கூடம் எப்படி?" "ம்." "சாப்பிட்டாச்சா?" "ம்." "வீடு பத்துது, ஓடு." "ம்."

முதலில் நான் நினைத்தது ஸ்பீக்கர் போய்விட்டது என்று. இல்லை. அதே வாய் கூட்டாளியோடு போனில் ஒன்றரை மணித்தியாலம் ஓயாமல் ஓடுகிறது. அப்படியென்றால் பழுது வாயில் இல்லை, கேள்வியில். மல்டிமீட்டரைத் தவறான இடத்தில் திருப்பி வைத்துவிட்டு ஒன்றும் காட்டவில்லை என்று மீட்டரை ஏசுகிற மாதிரி.

நான் கேட்கிற எல்லாம் ஆம், இல்லை என்று முடிகிற கேள்வி. அதுவும் கேட்கிற இடம் வாசல்படி, முகத்துக்கு முகம், அவள் சப்பாத்து கழற்றிக்கொண்டு நிற்கிற நேரம். பொலிஸ்காரன் கேட்கிற மாதிரித்தான் அவளுக்கு இருந்திருக்கும். முகம் பார்க்காத இடம் தேடினேன். கிடைத்தது மோட்டார் சைக்கிளில். பின்னேரம் ரியூசனுக்குக் கல்லடிப் பாலத்தால் டவுனுக்குள் ஏற்றிக்கொண்டு போவேன். 1924 இல் கட்டின பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் திறந்த புதுப் பாலம். அதில் ஏறியதும் பின்னால் இருந்து கதை தொடங்கும். என் முதுகுக்குத்தான் சொல்லுகிறாள், எனக்கில்லை. பாலம் இறங்கியதும் கதை நின்றுவிடும்.

ஆனால் வாவிக் காற்று இருக்கிறதே, பாதியை அது கொண்டுபோய்விடும். ஒருநாள் பின்னால் இருந்து, "அப்பா, நாளைக்குக் கட்டாயம் சாப்பாடு வாங்கணும்" என்றாள். கேட்காத பிள்ளை வாய்திறந்து கேட்டிருக்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த நாள் கடையை வேளைக்குப் பூட்டி, கோழிக் கொத்து இரண்டு பார்சல் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் பார்சலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பா, நான் கேட்டது சப்பாத்து. விடியக் காலமை ஸ்போட்ஸ் பிறக்டிஸ்."

சாப்பாடு, சப்பாத்து. ஹெல்மெட்டுக்குள் இரண்டும் ஒன்றுதான்.

அன்று இரவு கடைகடையாய் ஏறி இறங்கி ஒரு சோடி கிடைத்தது, ஒரு இலக்கம் பெரிது. முன்பக்கம் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு போனாள். திருத்தம்: கதை மோட்டார் சைக்கிளில் கேட்கலாம், பட்டியல் கேட்கக்கூடாது. வாங்க வேண்டியதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

அறிகுறி: காலையில் எழும்பவில்லை, ஆனால் அவளைத் தவிர எல்லாரும் எழும்பிவிடுகிறார்கள்

இதில் முதலில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். நித்திரையை வரவைக்கிற மெலட்டோனின் என்கிற சுரப்பு இந்த வயதில் பெரியவர்களைவிடப் பிந்தித்தான் இரவில் ஏறத் தொடங்கும். ஒன்பது மணிக்குப் படு என்றால் உடம்பு படுக்காது. அதே நேரம் 13 முதல் 18 வயதுக்காரருக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்பதுதான் வைத்தியர்கள் சொல்லுகிற கணக்கு. பள்ளிக்கூட மணி 7.30க்கு அடிக்கும். 5.30க்கு எழும்ப வேண்டுமானால் இரவு 9.30க்கே கண் மூடியிருக்க வேண்டும். ரியூசன் முடிந்து, குளித்து, சாப்பிட்டு, போனையும் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு 9.30? கூட்டிக் கழித்துப் பார்த்தால் இது சோம்பல் இல்லை, பற்றரி நிரம்ப முதல் பிளக்கை இழுக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருசம் எடுத்தது. அதற்குள் தண்ணீர் தெளித்திருக்கிறேன், விசிறியை நிற்பாட்டியிருக்கிறேன், போர்வையை உருவியிருக்கிறேன். எல்லாம் எதிர் விளைவு.

அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். போனில் ஐந்து அலாரம், ஐந்து நிமிட இடைவெளியில். எல்லாவற்றுக்கும் வீதியில் பாண் விற்க வருகிற ஆட்டோவின் மெட்டை வைத்தாள், பகிடிக்கு. விடிய ஐந்து மணிக்கு அந்த மெட்டுப் பாட, மாமி காசையும் பையையும் எடுத்துக்கொண்டு கேற்றைத் திறந்து இருட்டுக்குள் நின்றிருக்கிறா. பாண்காரனைக் காணவில்லை. உள்ளே வந்து படுத்தா. 5.05க்குத் திரும்ப மெட்டு. திரும்பக் கேற்றடி. மூன்றாவது தரம் போனபோது பக்கத்து வீட்டு நாய் குரைத்து, அந்த வீட்டுக்காரர் லைற்றைப் போட்டு, "யாரு கா அது?" என்று கேட்டு, பெரிய கலவரம். மகள் மட்டும் அசையவில்லை.

இதற்குத் திருத்தம் சின்னது. அலாரம் ஒன்று போதும், போன் கையெட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். சனி ஞாயிறில் இரண்டு மணித்தியாலம் கூடப் படுக்க விடுங்கள், மத்தியானம்வரை விடவேண்டாம், அப்படி விட்டால் திங்கள் இன்னும் மோசம். மெட்டையும் மாற்றச் சொன்னோம். மாமிதான் வேண்டாம் என்றா. அந்த மெட்டுக்குத்தான் தனக்கு நல்லாக விழிப்பு வருகிறதாம்.

அறிகுறி: வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை

இந்தப் பழுது முழுக்க என்னுடையது. மறைக்க முடியாது.

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். மகள் சிவப்பு இல்லம். மனிசிக்கு அன்று காய்ச்சல். நான் உதவி செய்கிறேன் என்று வாஷிங் மெசினுக்குள் பள்ளிக்கூடச் சட்டை இரண்டையும், புதுச் சிவப்பு ரீசேட்டையும் ஒன்றாகப் போட்டு, சுடுதண்ணியிலும் விட்டேன். மெசின் திருத்துகிற எனக்கு அதற்குள் என்ன போடக்கூடாது என்று தெரியவில்லை. வெளியே எடுத்தபோது இரண்டு சட்டையும் ரோஸ் நிறம். ஒரு மூலையில் கூட வெள்ளை இல்லை, அவ்வளவு ஒழுங்காகப் பிடித்திருந்தது.

இந்த இடத்தில் செய்யவேண்டியது: துணியைக் காயவிடக்கூடாது. வெயிலும் அயனும் பட்டால் சாயம் உள்ளே இறுகிவிடும். ஈரத்தோடேயே திரும்பக் கழுவி, வெள்ளைப் பருத்தித் துணிக்குரிய பிளீச்சை அளவாகத் தண்ணீரில் கரைத்து ஊறவைக்க வேண்டும். இழுபடுகிற துணிக்கும் பட்டுக்கும் குளோரின் பிளீச் கூடாது, மஞ்சள் அடிக்கும். பிளீச்சோடு வினாகிரியையோ கக்கூஸ் கழுவுகிற அமிலத்தையோ கலக்கவே கூடாது. அதிலிருந்து வருகிற வாயு நஞ்சு.

நாங்கள் செய்தது: மாமி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கென்ன, நீலம் போட்டாச் சரி" என்றா. பழைய காலத்துக் கைவைத்தியம். மஞ்சளடித்த வெள்ளைக்கு நீலம் போட்டால் பளிச்சென்று வரும், உண்மைதான். ஆனால் ரோசுக்கு மேல் நீலம் போட்டால் என்ன வரும்? வாளியிலிருந்து தூக்கினபோது அருமையான கத்தரிப்பூ நிறம்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. மகள் வாசலில் நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை. கண் நிறைந்தது, கதவு சாத்துப்பட்டது. இரவு சாப்பாடும் இல்லை. அப்போதுதான் பிளக்கைப் பார்த்தேன். விடிந்தால் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் கத்தரிப்பூவாக நிற்கப் போகிறவள் அவள். நான் கடையில் மேசைக்குப் பின்னால் பத்திரமாக இருப்பேன். சிரிக்கிற உரிமை எனக்கு எங்கே இருந்தது?

அதன்பிறகு ஒரு வரிசை வைத்திருக்கிறேன். என் மேல் வந்த பிழைக்கு நான் அந்த இடத்திலேயே சிரிக்கலாம், செலவில்லை. அவள் மேல் வந்ததற்கு அவள்தான் முதலில் சிரிக்க வேண்டும். சோல்டரிங் அயனை எடுத்தவுடன் தொடுகிறோமா? ஆறும்வரை தாங்கியில் கிடக்கட்டும். விருந்தாளிகள் முன்னால் எடுத்துச் சொல்லி ஆளைச் சிரிக்க வைப்பது அறவே கூடாது. என் சகோதரி வீட்டில் ஒருமுறை அப்படிச் செய்து இரண்டு கிழமை "ம்" கூட இல்லாமல் இருந்தேன்.

சட்டைக்கு என்ன நடந்தது என்றால், மச்சாளிடம் கடன் வாங்கின சட்டையோடு இரண்டு நாள் போனாள். நாலு மாதம் கழித்து ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில், மகளே தன் மச்சாள்மாருக்கு இந்தக் கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நீலம் கரைக்கிற மாமியின் கை, வாளியை எட்டிப் பார்க்கிற என் முகம், எல்லாம் அப்படியே. நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என்னைவிட நன்றாகச் சொல்லுகிறாள்.

அறிகுறி: அப்பாவின் குரல் ரியூசன் குழுவில் கேட்கிறது

வட்ஸ்அப்பில் என் மைத்துனருக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினேன். "மச்சான், இவளுக்குக் கணக்கு ஏறுதில்ல. என்னைப் போலதான். அந்தச் சேரும் நித்திரைத் தூக்கத்திலதான் படிப்பிக்கிறார் போல." போனது மைத்துனருக்கு இல்லை. கணக்கு வகுப்புப் பெற்றோர் குழுவுக்கு. சேரும் அதில் இருக்கிறார். அவர்தான் குழுவின் நிர்வாகி.

கண்டவுடன் கை நடுங்க அழிக்கப் போனேன். இரண்டு தெரிவு வரும். எல்லாருக்கும் அழி, எனக்கு மட்டும் அழி. அவசரத்தில் எதைத் தொட்டிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. என் போனில் பதிவு மறைந்தது. மற்ற நாற்பது பேரின் போனிலும் அப்படியே இருக்கிறது. இனி என்னால் அதைத் தொடவும் முடியாது, அது என்னிடம்தான் இல்லையே.

இதற்கு வழி இருக்கிறது, நேரம்தான் பிரச்சினை. 'எனக்கு மட்டும்' என்று தவறி அழுத்தினால் கீழே சில விநாடிக்கு 'மீட்டெடு' என்று ஒரு சொல் வந்து போகும். அதைத் தொட்டால் பதிவு திரும்ப வரும், பிறகு எல்லாருக்கும் அழிக்கலாம். அப்படி எல்லாருக்கும் அழிக்க அனுப்பியதிலிருந்து இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் உண்டு. அந்தச் சில விநாடியை நான் தலையில் கைவைத்துக்கொண்டு கழித்தேன். அதைத் தவறவிட்டால் மிச்சமிருப்பது ஒரே வழி, குழு நிர்வாகி எவருடைய பதிவையும் அழிக்கலாம்.

அதாவது, சேரைத்தான் கேட்க வேண்டும்.

மகளிடம் போய் நின்றேன். அவள் போனைக் காதில் வைத்து முழுவதும் கேட்டாள். எனக்குத் தெரிந்து அந்த மாதத்தில் என்னை அவள் அவ்வளவு நேரம் கேட்டது அதுதான். "அப்பா, நீங்களே மெசேஜ் போடுங்க. நான் போட மாட்டன்" என்றாள். போட்டேன். மன்னிப்பும் கேட்டேன். சேர் அழிக்கவில்லை, பெருவிரல் ஒன்றை மட்டும் அனுப்பினார்.

அடுத்த வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, "சரி பிள்ளையள், நான் எழும்பிட்டன், தொடங்குவமா?" என்றிருக்கிறார். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. மகள் அன்று வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிவரை வந்து, மூச்சு விடாமல் சொன்னாள். நான் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

அறிகுறி: வீட்டில் யாருக்கும் வைஃபை இல்லை

இது மனிசியின் கைவண்ணம், ஆகவே சுருக்கமாக. பிள்ளை போனோடே கிடக்கிறாள் என்று கோபம் வந்து, ரவுட்டரின் பின்னால் இருக்கிற சின்ன ஓட்டைக்குள் ஊசியால் குத்திப் பிடித்திருக்கிறா. அது நிற்பாட்டுகிற பட்டன் இல்லை. பத்து விநாடியளவு அமத்தினால் ரவுட்டர் கடையில் வாங்கிய அன்று இருந்த நிலைக்குப் போய்விடும். இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துவிடும். சும்மா நிற்பாட்ட வேண்டுமானால் பிளக்கை இழுத்தாலே போதும், திரும்பக் குத்தினால் பழையபடி வரும். மகள் தன் சிம் டேட்டாவுக்கு மாறிவிட்டாள். மனிசிக்குத்தான் மூன்று நாள் நாடகம் இல்லை.

அறிகுறி: பள்ளிக்கூடக் கேற்றுக்கு முதலே இறங்க வேண்டும் என்கிறாள்

பழுது இல்லை. இறக்கி விடுங்கள். என் மோட்டார் சைக்கிளின் சைலன்சர் போடுகிற சத்தத்துக்கு நானே இறங்கி நடப்பேன்.

அறிகுறி: சிரிப்புக்கு இடமில்லாதவை

கடையில் சில சாமான்களை நான் தொடுவதில்லை, உரிய ஆளிடம் அனுப்பிவிடுவேன். இங்கேயும் அப்படி உண்டு. கிழமைக் கணக்காகச் சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த கூட்டாளிகளையும் விட்டுவிட்டாள், எதிலும் மனமில்லை, தன்னைத்தானே நோகப்பண்ணுகிறாள், அல்லது இருந்தென்ன பயன் என்கிற மாதிரிக் கதைக்கிறாள் என்றால், அது "ம்" இல்லை. பகிடியால் மூடக்கூடாது, வயசுக் கோளாறு என்று தள்ளவும் கூடாது. பக்கத்தில் இருந்து நேரடியாகக் கேளுங்கள், வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். இலங்கையில் மனநலத்துக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. இரண்டையும் என் கடைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன், மின்சாரசபை இலக்கத்துக்கு மேலே.

அறிகுறி: ரைஸ் குக்கருக்குள்ளிருந்து "ஸ்ஸ்", பிறகு "டப்"

களுவாஞ்சிகுடியில் ஒரு செத்த வீடு. மனிசியும் மாமியும் போய்விட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு மகள் கடைக்கு மெசேஜ் போட்டாள்: சோறு எப்படி ஆக்கிறது? எனக்கு ஒரே பெருமை. குரல்பதிவாக விளக்கமாக அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் போன் வந்தது.

"அப்பா, குக்கர் சத்தம் போடுமா?"

"என்ன சத்தம் மகள்?"

"முதல்ல ஸ்ஸ் எண்டு. மறுகா டப் எண்டு. இப்ப வீட்டில கரண்ட் இல்ல."

கடையைப் பெடியனிடம் விட்டுவிட்டு ஓடினேன். குசினியில் அவள் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். குக்கரின் மூடியைத் திறந்தால், சூடாகிற தட்டின்மேல் நேரடியாக அரிசியும் தண்ணீரும். நடுவில் இருக்கிற வட்டக் குமிழைச் சுற்றிச் சோறு பாதி வெந்து பொங்கி நிற்கிறது. அடியால் கஞ்சி ஒழுகி மேசையில் ஓடுகிறது. உள்ளே வைக்கிற சட்டி, கழுவிக் கவிழ்த்தபடி, ஜன்னலடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது.

வாய் திறந்தேன். "உனக்கு என்ன மூளை—" அதற்குமேல் போகவில்லை. வட்டா களுவாஞ்சிகுடிக்குப் போயிருந்தாலும் காதுக்குள் கிலுகிலு என்றது.

மகள் ஒன்றும் பேசாமல் போனை நீட்டி என் குரல்பதிவைப் போட்டாள். என் குரல், எவ்வளவு கம்பீரமாக: "அரிசியை ரெண்டு தரம் கழுவி, குக்கருக்குள்ள போட்டு, விரல் ஒரு கணுவுக்குத் தண்ணி விட்டு, மூடி, பட்டனைக் கீழ அமத்து. அவ்வளவுதான் மகள். லேசு."

"இதில சட்டி எண்ட சொல் எங்க இருக்கு அப்பா?"

திரும்பப் போடச் சொன்னேன். மூன்று தரம் கேட்டேன். இல்லை. இருபது வருசமாக குக்கர் திருத்துகிறவன் சட்டியைச் சொல்ல மறந்திருக்கிறேன். பியூஸ் போயிருந்தது என் பிளக்கில்.

அவள்தான் முதலில் சிரித்தாள். மூக்கால் சின்னதாக ஒரு சத்தம் வந்தது, பிறகு அடக்க முடியாமல் நிலத்தில் இருந்துவிட்டாள். முறைப்படி நானும் பின்னால் சேர்ந்துகொண்டேன்.

இப்போது வேலை. யாருக்காவது இப்படி நடந்தால்: முதலில் தொடவேண்டாம். சுவரில் சுவிட்சை நிற்பாட்டி பிளக்கை இழுங்கள். வீட்டில் கரண்ட் போனது கெட்டதில்லை, அதுதான் ஆளைக் காப்பாற்றியது. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். அது இல்லாத வீடென்றால் இந்தக் கதையை நான் சிரித்து எழுத முடியாது. உடனே திரும்பத் தூக்கிப் போடாதீர்கள், குக்கரைக் கழற்றிய பிறகு தூக்குங்கள்.

நடுவில் இருக்கிற அந்தக் குமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த சாமான் அது. அடியில் ஸ்பிரிங்கும் ஒரு காந்தமும். சட்டிக்குள் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகைக்கு மேல் போகாது. தண்ணீரை அரிசி குடித்து முடித்ததும் சட்டியின் அடி 100ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் காந்தத்தின் பிடி விட்டுப்போகும், ஸ்பிரிங் தள்ளும், பட்டன் 'டிக்' என்று மேலே வரும். மணிக்கூடும் இல்லை, மூளையும் இல்லை. சோறு வெந்தது என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் கழற்றிக் காட்டுவேன். அன்று மகளுக்கும் காட்டினேன். ஒரு பருக்கை அதற்கும் சட்டிக்கும் நடுவில் சிக்கினாலே சோறு சரிவராது. இங்கே அரைக் கொத்து அரிசி.

கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, அடித்தட்டைக் கழற்றினோம். மகள் லைற் பிடித்தாள். சோறு ஒட்டின இடமெல்லாம் பழைய பல்துலக்கியால் அவளே சுரண்டினாள். வயர் முனைகளைத் துடைத்து, வெயிலிலும் பிறகு விசிறிக் காற்றிலும் நாலு நாள் காயவிட்டோம். அவசரப்பட்டுக் கரண்ட் கொடுக்கக்கூடாது, உள்ளே சொட்டு ஈரம் இருந்தாலும் திரும்ப 'டப்'. ஐந்தாம் நாள் மீட்டர் வைத்து, குக்கரின் உடம்புக்குக் கரண்ட் கசிவு இல்லை என்று பார்த்தபிறகுதான் பூட்டினேன். இந்த நாலு நாளும் எங்கள் வீட்டில் இடியப்பமும் பிட்டும்தான். மகள் ஒருதரம் கூட முகம் சுளிக்கவில்லை, அதுவே ஒரு அறிகுறி.

முதல் சோற்றை மகள்தான் ஆக்கினாள். சட்டியை வைக்க முதல் தலைக்கு மேல் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். பட்டன் 'டிக்' என்றது. மனிசி கை தட்டினா. நான் மேசையைத் துடைக்கப் போனபோது, பேப்பருக்கு அடியில் ஒரு சின்ன ஸ்குரூ.

அது எங்கேயுடையது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் எடுத்தது. குக்கரின் கால் இறப்பர் ஒன்றைப் பிடிக்கிற ஸ்குரூ. ஆபத்தில்லை. குக்கர் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது, அதனால் சோறு ஒரு பக்கம் குழைவாக வருகிறது, அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை, பூட்டிவிடலாம். ஆனால் நான் குனிந்து இறப்பரைத் தேடி எடுத்து நிமிர, மேசையில் ஸ்குரூ இல்லை. மகள் அதை மாமியின் கையில் கொடுத்திருந்தாள். மாமி வட்டாவுக்குள் போட்டு ஒருதரம் ஆட்டிப் பார்த்தா. புதுச் சத்தம்.

"மாமி, அதைத் தாங்க, பூட்டிப்போட்டுத் தாறன்."

"இருக்கட்டும் மருமகன்," என்றா, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. "இப்ப மூணு. இன்னும் இடம் கிடக்கு."